இரண்டு யூரியாப் பைகள்

1

"உங்கள் குசினியில் என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது?"

ஆங்கில வகுப்பில் மார்கரெட் ரீச்சர் இப்படிக் கேட்டதும் நான் பேனையைக் கீழே வைத்தேன். வகுப்பு எங்கள் நகரத்து நூலகத்தின் மேல்மாடியில் நடக்கிறது. இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆன பிறகுதான் எனக்கு அதில் இடம் கிடைத்தது. ரீச்சர் நல்ல மனுசி. வெள்ளிக்கிழமைகளில் பிஸ்கற் கொண்டு வருவா. ஆனாலும் ஒரு மனுசி, கையில் பேனையோடு, என் வீட்டுச் சமையலறையில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று ஏன் கேட்க வேண்டும்?

அவா பலகையில் எழுதிக் காட்டினா. எவ்வளவு என்பது முதலில், பிறகு 'ஒவ்' (of) என்று ஒரு சின்னச் சொல், அதன் பிறகு பொருள். ஒரு பை ஒவ் அரிசி. ஒரு போத்தல் ஒவ் எண்ணெய். வகையைச் சொல்லவும் அதே சொல்தானாம். ஒரு வகை ஒவ் மீன். தமிழில் ஒரு போத்தல் எண்ணெய் என்றால் முடிந்தது. இவர்கள் நடுவில் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள்.

போர்த்துக்கல்காரப் பெண் ஒருத்தி தன் குசினியில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிச் சிரித்தாள். சோமாலியப் பெண் பதிமா, "கொஞ்சம் அரிசி" என்றாள். ஈராக்கிலிருந்து வந்த குர்து மனிதர், "ஒன்றும் இல்லை ரீச்சர், கடைக்குப் போக வேண்டும்" என்றார். என் முறை வந்தபோது நான், "அரைப் பை ஒவ் அரிசி" என்றேன். வீட்டில் கதவுக்குப் பின்னால் பிரிக்காத பெரிய பை ஒன்று முழுதாக இருந்தது.

பதிமாவும் குர்துக்காரரும் நானும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்தோம். பிறகு பார்க்காதது போல் கொப்பியைப் பார்த்தோம்.

2

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு வயல் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில். என் கணவர் தவராசாவின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்து காடு வெட்டினவர். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது நெல்லுக்குக் குறைவில்லை, யானைக்கும் குறைவில்லை. பிறகு தொண்ணூறுகளில் அரசாங்கத்தின் சாமான் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றறி, சீமெந்து, உரம் எதுவும் வவுனியாவைத் தாண்டி வராது. உரம் வந்தால் ஆயுதம் தூக்கிய இயக்கம் அதில் குண்டு செய்யும் என்பது ஆமியின், அதாவது இராணுவத்தின், கணக்கு. உரம் இல்லாமல் பயிர் மஞ்சளாகப் போனது எங்கள் கணக்கு.

அந்த நாட்களில் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காத ஆள் இல்லை. சோதனை நிலையத்தில் ஆமிக்காரன் கேட்பான். ஊருக்குள் இயக்கப் பெடியள் கேட்பார்கள். நிவாரண அலுவலகத்தில் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் கேட்பாள். யார் கேட்டாலும் இருப்பதில் பாதியைச் சொல்லப் பழகிக்கொண்டோம். பாதி சொன்னால் பறிபோனாலும் பாதி மிஞ்சும். கேட்பவர்களுக்கும் அது தெரியும். அதனால் அவர்கள் நாங்கள் சொன்னதை இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள்.

எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல் மாரிமுத்துவினுடையது. அவர் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் தோட்டத்து லயன் வீடுகள் எரிந்தபிறகு பெண்சாதியோடு வன்னிக்கு வந்து, கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் பிடித்தார். என் கணவரை அண்ணே என்பார், என்னை அக்கா என்பார். அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. என் கணவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தவர். தனக்கு இங்கிலிசு வரும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

இருவரும் சேர்ந்துதான் ஆமியிடம் பாஸ், அதாவது அனுமதிச் சீட்டு, எடுத்து வவுனியாவுக்குச் சாமான் வாங்கப் போவார்கள். ஒருவர் மற்றவருக்குத் துணை.

3

அன்றைக்கு நடந்ததை நான் என் கண்ணால் காணவில்லை. என் கணவர் பிறகு எத்தனையோ தரம் சொன்னதையும் மாரிமுத்து ஒரு தரம் சொன்னதையும் வைத்துச் சொல்கிறேன்.

சோதனை நிலையத்தில் வழக்கமாகத் தமிழ் கதைக்கிற ஆள் அன்று வரவில்லை. மேசையில் இருந்தவன் இளம் அதிகாரி, இங்கிலிசு தெரிந்தவன். வரிசையில் என் கணவர் முன்னுக்கு, மாரிமுத்து பின்னுக்கு. மாரிமுத்து மெல்ல, "அண்ணே, நான் சிங்களத்துல பேசிடவா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "தேவையில்லை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லியிருக்கிறார்.

போன முறை வந்தபோது என்ன கொண்டு போனாய் என்று அதிகாரி கேட்டான்.

போன முறை அவர் கொண்டு வந்தது எனக்குத் தெரியும். வவுனியாச் சந்தையில் இரண்டு வெறும் யூரியாப் பைகள் வாங்கி மடித்துக்கொண்டு வந்தார். உரமே வராத ஊரில் உரப்பைக்கும் தட்டுப்பாடு. அந்தப் பைகளை நான் வெட்டித் தைத்து நிலத்தில் விரித்தேன். பிள்ளை அதில்தான் படுத்தாள். ஈரம் ஏறாது.

இவர் சொன்ன பதில், அவர் வாயாலேயே: "டூ பாக்ஸ் ஒவ் யூரியா, சேர்."

யாருக்கு என்று கேட்டான் அதிகாரி. வீட்டுக்கு என்றார். வீட்டில் அதை வைத்து என்ன செய்தாய் என்றான். "ஃபோர் ஸ்லீப்பிங், சேர்" என்றார் இவர். படுக்கிறதுக்கு.

அதிகாரி மேசையில் ஓங்கி அடித்தான். அவன் ஏன் கோபப்படுகிறான் என்று இவருக்கு விளங்கவில்லை. அப்போது பின்னால் நின்ற மாரிமுத்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி மாரிமுத்துவை நிமிர்ந்து பார்த்தான். சிங்களத்திலேயே ஏதோ கேட்டான். மாரிமுத்து திரும்பவும் ஏதோ சொன்னார். இரண்டு சிப்பாய்கள் மாரிமுத்துவைத் தகரக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் இரண்டு பேர் இவருடைய கையைப் பின்னால் கட்டினார்கள்.

வாகனத்தில் ஏற்றும்போது இவர் திரும்பிப் பார்த்தார். மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு, கையில் பாஸோடு, ஊர்ப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

4

ஒரு போகம் விதைத்து அறுத்து முடியும் வரை என் கணவர் தடுப்புக் காவலில் இருந்தார். அங்கே அவருக்குச் செய்தவற்றை நான் எழுதப் போவதில்லை. இன்றைக்கும் அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது.

மாரிமுத்து அன்று பின்னேரமே வந்து விஷயத்தைச் சொன்னார். துவாய்த் துண்டால் தலையையும் முகத்தையும் சுற்றியிருந்தார். நான் அழுதுகொண்டே கேட்டேன்.

"நீங்கள் சிங்களத்தில என்ன சொன்னீங்கள்?"

"உள்ளதத்தான் சொன்னேன் அக்கா. கேக்க மாட்டேன்னுட்டானுங்க."

உள்ளதைத்தான் சொன்னேன். இந்த ஒரு வசனம் எங்கள் குடும்பத்துக்குள் எத்தனை வருடம் புழுவாக நெளிந்தது. என் மைத்துனர் உடனே பிடித்துக்கொண்டார். "உள்ளதெண்டா என்ன? ரெண்டு பேர் போச்சினம், ஒராள் திரும்பி வந்திட்டார். அதை யோசியுங்கோ" என்றார். அந்தப் போகம் மாரிமுத்து கூலி வாங்காமல் எங்கள் வயலையும் உழுது விதைத்தார். "பாத்தீங்களே, மனச்சாட்சி குத்துது" என்றார் மைத்துனர். உழாமல் விட்டிருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்திருப்பார். எனக்கும் அந்தத் துவாயைப் பற்றி யோசனை வந்தது. முகத்தைக் காட்ட முடியாத மனிதன் எதையோ மறைக்கிறான் என்றுதான் அப்போது நினைக்கத் தோன்றியது.

கணவர் விடுபட்டதும் ஊருக்கு வரவில்லை. வவுனியாவிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ஏஜென்சி மூலம் இங்கே. பின்னால் நானும் மகள் வாணியும் வந்து சேர்ந்தோம். மாரிமுத்துவை அவர் பிறகு காணவே இல்லை. சண்டை பெருத்தபோது மாரிமுத்து குடும்பம் காட்டுப் பாதையால் இறங்கி, முகாமில் கிடந்து, இப்போது பூவரசங்குளத்தில் ஒரு கொட்டிலில் இருப்பதாக வவுனியாவில் இருக்கிற என் தங்கச்சி சொன்னாள். அந்தப் பெயரை எடுத்தாலே இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார்.

இங்கே இவர் பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை. யார் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டாலும், "இவன் ஏன் என்னை விசாரிக்கிறான்?" என்பார். நகரசபையிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாவற்றிலும் அந்த ஒவ் இருக்கும். புரூஃப் ஒவ் அட்ரெஸ், முகவரிக்கு அத்தாட்சி. சேஞ்ச் ஒவ் சேர்க்கம்ஸ்ரன்ஸஸ், நிலைமையில் மாற்றம். ஒவ் வந்தால் எதையோ நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். வாணிக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் கடிதங்களை அவள்தான் வாசித்துச் சொல்வாள், ஆனால் முழுவதும் சொல்கிறாளா என்று தகப்பனுக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்து ரிப்போட்டை அவள் மொழிபெயர்த்தபோது, "இவ்வளவு நீட்டுக் கடிதத்துக்கு இவ்வளவுதானோ அர்த்தம்?" என்று கேட்டார். அவள் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு அறைக்குள் போனாள். வீட்டுக்குள்ளேயே இருவர் கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் போல் ஆகிவிட்டது.

5

குசினிப் பாடத்துக்கு அடுத்த கிழமை ரீச்சர் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. ஒன்று வெறுங்கோப்பை. மற்றதில் ஆவி பறக்கத் தேநீர்.

வெறுங்கோப்பையைத் தொட்டு, "எ ரீ கப்" என்றா. மற்றதைத் தொட்டு, "எ கப் ஒவ் ரீ" என்றா. ஒவ் இல்லாவிட்டால் அது பாத்திரத்தின் வகை. உள்ளே ஒன்றும் இருக்கத் தேவையில்லை. ஒவ் வந்தால் அது அளவு. உள்ளே பொருள் இருக்கிறது. தீப்பெட்டிக்கும், ஜாம் போத்தலுக்கும், எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

குர்துக்காரர் கேட்டார், "அரிசிப் பைக்குமா?"

"ஓம். எ ரைஸ் பாக், வெறும் பையாக இருக்கலாம். எ பாக் ஒவ் ரைஸ், அரிசி நிறைந்த பை."

எனக்கு அதற்குப் பிறகு ரீச்சர் தொடர்ந்து கதைத்தது ஒன்றும் கேட்கவில்லை. டூ பாக்ஸ் ஒவ் யூரியா, சேர். இரண்டு பை நிறைய உரம், ஐயா. வீட்டுக்கு, ஐயா. படுக்கிறதுக்கு, ஐயா. அந்த மேசையில் இருந்தவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று முதல் தடவையாக எனக்கும் கேட்டது.

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒரு சின்னச் சொல்லுக்காக ஒருத்தனை அடைச்சு வைப்பினமே?"

"அவனுக்கு அது சின்னச் சொல்லாத் தெரிஞ்சிருக்காது. உரம் கொண்டு போனனான் எண்டு நீங்களே சொன்ன மாதிரி."

"நான் வேணுமெண்டுதான் ஒவ் போட்டனான். யூரியா பாக் எண்டு மொட்டையாச் சொன்னா அது சந்தை இங்கிலிசு. எனக்குப் படிப்பிச்ச வாத்தியார் அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்." பிறகு, "நீர் உந்த வகுப்புக்குப் போய் எனக்கு இங்கிலிசு படிப்பிக்க வெளிக்கிட்டிட்டீர், என்ன?"

"நான் படிப்பிக்கேல்லை. மாரிமுத்து ஒரு பிழையும் செய்யாதவரா இருக்கலாம் எண்டு சொல்லுறன்."

"அப்ப அவன் சிங்களத்தில என்ன சொன்னவன்? அதுக்கும் உம்மட ரீச்சர் பதில் வைச்சிருக்கிறாவோ?"

அறை வாசலில் நின்ற வாணி, "அப்பா, அம்மா இஸ் றைட்" என்றாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய்விட்டாள். அன்று இரவு நான் விளங்கிக்கொண்டேன். ஒருவன் தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்பதோடு இவர் இவ்வளவு காலமும் எப்படியோ வாழப் பழகிவிட்டார். தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்தது என்பதோடு எப்படி வாழ்வது என்று இவருக்குத் தெரியவில்லை.

6

நான் அவருக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். தங்கச்சிக்குப் போன் எடுத்து, வாற ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்துவை வவுனியா ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு வந்து காசு கட்டிப் போன் கதைக்கிற கொமினிக்கேஷன் கடையில் இருத்தச் சொன்னேன். ஞாயிறு காலை இலக்கத்தை அழுத்தி, மணி போகும்போதுதான் இவரிடம் சொன்னேன்.

"ஏன் இப்ப? இத்தினை வருசத்துக்குப் பிறகு அவனுக்கு என்ன வேணுமாம்?"

"அவர் கேக்கேல்லை. நான்தான் கூப்பிட்டனான். சிங்களத்தில என்ன சொன்னவர் எண்டு நீங்களே கேளுங்கோ."

போனை ஒலிபெருக்கியில் போட்டேன். அந்தப் பக்கம் இரைச்சல். பஸ் ஹோர்ன், யாரோ இலக்கம் சொல்லும் சத்தம். பிறகு மாரிமுத்துவின் குரல்.

"அண்ணே? நல்லா இருக்கீங்களா?"

இவர் நலம் விசாரிக்கவில்லை. வலது காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். "அண்டைக்கு அவனிட்டை என்ன சொன்னனீர்?"

"வெறும் பைதான் சேர், அந்தாளு இங்கிலீசுல தப்பா ஏதோ சொல்றாரு, நானும் கூடத்தான் வந்தேன்னு சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும்னான். நானே கையால மடிச்சு வெச்சேன்னு சொன்னேன். கொட்டிலுக்குப் பின்னால கொண்டு போயி அடிச்சானுங்க. ரெண்டு பல்லு போச்சு." குரல் தாழ்ந்தது. "அப்புறம் அந்த மேசைல இருந்த தொரை வந்து, இன்னும் ஒருக்கா அவனுக்காகப் பேசறியா, பேசுனா உனக்கு இனிமே பாஸே கெடையாதுன்னான். பொஞ்சாதிய அதுக்கடுத்த வாரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டார வேண்டியிருந்துச்சு. வயித்துல கட்டி. நான் பேசல அண்ணே. பாஸ வாங்கிக்கிட்டு நடந்துட்டேன். அத ஒங்க முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு முடியல."

துவாய்க்கு இப்போது அர்த்தம் விளங்கியது. என் கணவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சந்தேகம் முழுக்கப் பொய்யுமில்லை. மாரிமுத்து நடந்து போனது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு இவர் இன்னும் பத்து வருடம் கோபப்பட்டிருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்குள் மாரிமுத்து திரும்பவும் பேசினார். அந்தக் குரலில் மரியாதை இருந்தது, வேறொன்றும் இருந்தது.

"அண்ணே, நானும் ஒண்ணு கேக்கணும். கோவிக்கக்கூடாது. நான் வெறும் பைன்னு சத்தியம் பண்றேன், அந்தத் தொரை சிரிக்கிறான். உன் ஆளே உரம் கொண்டு போனதா ஒத்துக்கிட்டானே, நீ என்னடா சத்தியம் பண்றேன்னான். இத்தன வருசமா எனக்கு அது வெளங்கவே இல்ல. ரெண்டு பை நான் கண்டது. எனக்குத் தெரியாம வேற ஏதாச்சும் கொண்டு போனீங்களா? யாருக்காச்சும்? உள்ளதச் சொல்லுங்க. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

இவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதனும் அங்கே ஒரு கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, தன்னைப் பகடைக்காயாக வைத்து நாங்கள் எதையோ கடத்தினோம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறான். பல்லும் போய், சந்தேகமும் மிஞ்சி.

அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வாணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லை, மாரிமுத்து" என்றார் இவர். செருமிவிட்டுத் திரும்பத் தொடங்கினார். "அது வெறும் பைதான். இங்கிலிசில வெறும் பைக்கு ஒரு மாதிரிச் சொல்ல வேணும், உரம் இருக்கிற பைக்கு வேற மாதிரிச் சொல்ல வேணும். நான் மாறிச் சொல்லிப்போட்டன். நீர் கதைக்கிறன் எண்டு கேக்க, நான்தான் விடேல்லை." அறைக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எனக்கு இங்கிலிசு தெரியாது, மாரிமுத்து."

என் கணவர் அப்படிச் சொல்லி நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

போனில் இரைச்சல் மட்டும் வந்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டது. மாரிமுத்து எங்களோடு கதைக்கவில்லை. போனைக் கையால் பொத்த மறந்துபோய், பக்கத்தில் நின்ற பெண்சாதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெறும் பைதானாம் புள்ள. கேட்டியா? வெறும் பைதானாம்."